பேச்சு முடிந்ததும் வரட்டும்

என் தம்பி யோகா வகுப்பில் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்தபோது எங்கள் வீட்டில் யாரும் அவன் மூச்சைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவன் வாயைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். அந்த வாய் ‘ஓம்’ என்று சொல்லிவிடுமோ என்பது அம்மாவின் பயம். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் நான்கு பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு, உன் மகன் சூரியனைக் கும்பிடுகிறானாமே என்று கேட்டுவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் மதியச் சாப்பாடு உப்புச் சப்பில்லாமல் போனது.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்த கத்தோலிக்கக் குடும்பம். அப்பா இறந்த பிறகு தம்பி அவருடைய மீன்பிடித் தொழிலையே எடுத்துக்கொண்டான். ஜங்கிலிகாட் மீன்பிடித் துறையிலிருந்து புறப்படும் சிறிய இயந்திரப் படகுகளை இங்கே டிங்கி என்பார்கள். அதில் அவனோடு மூன்று பையன்கள், ஒருவன் தெலுங்கு, ஒருவன் வங்காளி, ஒருவன் எங்கள் ஊர்க்காரன். அவர்களுக்குள் தீவு இந்தியில்தான் சண்டையும் கொஞ்சலும். நான் அரசுப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அது எங்கள் அப்பாவின் சொத்து, அதில் தம்பிக்குப் பங்கு கிடைக்கவில்லை.

வகுப்பு பத்துபஸ்தி என்ற பகுதியில் நடந்தது. சொல்லித் தருகிறவரின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கூடம். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் விமானம் கிளம்பும்போதெல்லாம் மாஸ்டர் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பகலில் கப்பல் அலுவலகத்தில் குமாஸ்தா. அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து குடியேறியவர்கள். அங்கே பால்வெட்டும் தொழிலாளி ஒருவரிடம் பல வருஷங்கள் யோகா கற்றவர். நாற்பது வயதிருக்கும். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனாள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. அம்மா எங்கேயாவது தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று கூடப் போனேன்.

“மாஸ்டர், எங்களத் தப்பா நெனச்சுக்கிடாதீங்க. நாங்க வேதக்காரவுக. எம்மவன் உடம்ப வளைக்கட்டும், மூச்ச இழுக்கட்டும், ஒன்னும் சொல்லல. மந்திரம் வேண்டாம். மொதல்ல என்னமோ சாமிப் பேச்சுப் பேசுதியளாமே, அது அவன் காதுல விழ வேண்டாம்.”

மாஸ்டர் கொஞ்சம்கூட முகம் சுளிக்கவில்லை. “தாராளமா அம்மா. நான் யாரையும் கட்டாயப்படுத்துறதில்ல. பேச்சு முடிஞ்சதும் தம்பி வரட்டும்.”

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாரே என்று அம்மாவுக்கு மகா திருப்தி. வரும் வழியில் ஆட்டோக்காரரிடம்கூட அவரைப் புகழ்ந்தாள். அடுத்த நாளிலிருந்து தம்பி சீக்கிரமே போனாலும் கூடத்துக்கு வெளியே படியில் உட்கார்ந்துகொள்வான். சுற்றிலும் உள்ளே இருப்பவர்களின் செருப்புகள். போனை நோண்டிக்கொண்டே இருப்பான். உள்ளே பேச்சு முடிந்து யாராவது கதவைத் தட்டினால் எழுந்து போவான். பூசைக்குப் போகும் பெண்களிடம் அம்மா இந்த ஏற்பாட்டைப் பெருமையாகச் சொன்னாள். அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சில் என்ன இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. சாமி அதில் ஒரு மூலையில்தான் இருந்தது. பொய் சொல்லாதே, அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படாதே, அரை வயிறு சாப்பிடு, உடம்பைக் காட்டிப் பீற்றிக்கொள்ளாதே. முதலில் நடத்தை, பிறகு உடம்பு, அதற்கும் பிறகுதான் மூச்சு. கற்றதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது. சொல்லித் தந்தவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குச் சொல்லித் தராதே. ஒரு டீச்சராக எனக்கு இதெல்லாம் நன்றாகப் புரிகிறது. எந்தப் பாடத்துக்கும் ஒரு முன்பாடம் உண்டு. என் தம்பி அதை விட்டுவிட்டு நேராக மூச்சுக்குப் போனான்.

அவனுக்கு அது பிடித்துப்போனது. வீட்டில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சம்மணமிட்டு உட்காருவான். அடிவயிற்றை உள்ளே அடித்து மூக்கு வழியாக மூச்சைப் புஸ்ஸு புஸ்ஸென்று தள்ளுவான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். முடித்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பான். அவனுக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது, முகம் தெளிந்திருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான்.

ரட்லண்ட் தீவுப் பக்கம் ஒரு காலையில் அவர்கள் டிங்கியின் நங்கூரம் பவளப்பாறையில் சிக்கிக்கொண்டது. இது அடிக்கடி நடப்பதுதான். யாராவது குதித்து, கயிற்றைப் பிடித்தபடி கீழே போய் விடுவித்துவிட்டு வருவார்கள். அந்த வேலை எப்போதும் தம்பிக்குத்தான். அவன் டிங்கியின் முனையில் நின்று, இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, வயிற்றை அடித்து அடித்து மூச்சை ஊதினான். வழக்கத்தைவிட அதிக நேரம் ஊதினான் என்று பையன்கள் சொன்னார்கள். பிறகு குதித்தான். மேலே இருந்தவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். அவன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பான் என்று எண்ணுவது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. எண்ணிக்கை ஏற ஏறக் கைதட்டினார்கள். கைதட்டல் எப்போது நின்றது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

மருத்துவமனையில் சின்ன வயது டாக்டர் ஒருவர் எனக்கு விளக்கினார். வேகமாக மூச்சை ஊதித் தள்ளிவிட்டால், உடம்பு காற்று கேட்பதை மறந்துவிடுமாம். மூச்சு முட்டாது. நன்றாகத்தான் இருக்கிறோம் என்று தோன்றும். அப்படியே மயக்கம் வந்துவிடும். தரையில் என்றால் சாய்ந்து, தானாக மூச்சு வந்து எழுந்துவிடலாம். தண்ணீருக்கடியில் அந்த வழி இல்லை. “வலி தெரிஞ்சிருக்காது, சிஸ்டர்” என்றார். அது ஆறுதல் என்று அவர் நினைத்தார் போல. எனக்கு அவரை அறைய வேண்டும் என்று இருந்தது.

அடக்கத்துக்கு மாஸ்டர் வந்தார். கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே நின்றுகொண்டார். அம்மா அவரைப் பார்த்துவிட்டாள்.

“கொலகாரப் பாவி! எம்புள்ளைக்கு மூச்ச அடக்கச் சொல்லிக் குடுத்து, மூச்சே இல்லாம ஆக்கிட்டியே! நீ நல்லா இருப்பியா? நம்பித்தானல உங்கிட்ட விட்டேன்!”

ஜங்கிலிகாட்டே அங்கேதான் நின்றது. டிங்கிப் பையன்கள் இருந்தார்கள். யாரோ அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்கள். அவர் கைகூப்பியபடி நின்றார். எனக்கு அது போதவில்லை. இன்னும் நாலு பேர் தள்ளியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நான் பத்துபஸ்திக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்க ஒன்றுமில்லை. கூடம் பூட்டியிருந்தது. வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றி எடுத்திருந்தார்கள். மாஸ்டர் பதறிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி வெளியே வந்தாள்.

“டீச்சர், திட்டுறத திட்டிட்டுப் போங்க. ஆனா ஒன்னு கேக்குறேன். மாசாமாசம் மொத ஞாயித்துக்கெழம இவரு பேசுறப்ப என்ன சொல்வாருன்னு தெரியுமா? இந்த மூச்ச தரையில ஒக்காந்துதான் செய்யணும். தண்ணியில செய்யக் கூடாது. தண்ணியில எறங்குறதுக்கு முன்னாடியும் கூடாது. இங்க வர்ற சின்னப் புள்ளகூட அத ஒப்பிக்கும். ஒங்க தம்பி அப்ப எங்க இருந்தாரு? வெளிய, செருப்புக்குப் பக்கத்துல. யாரு ஒக்கார வச்சது?”

“நீ உள்ள போ” என்றார் மாஸ்டர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தனியாகவாவது அவனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“சொல்லியிருக்கணும் டீச்சர். அவரு கடலுக்குப் போறவருன்னு எனக்குத் தெரியும். எதுக்கு வர்றீங்கன்னு கேட்டேன், தூக்கம் வரலன்னாரு, நம்பிட்டேன். எங்க மாஸ்டர் என்னைய வருஷக்கணக்கா பக்கத்துலயே வச்சுப் பாத்துட்டுத்தான் மூச்சத் தொட விட்டாரு. தண்ணி எறைக்க விட்டாரு, வெறகு பொளக்க விட்டாரு, நான் கோவிச்சுக்கிறேனான்னு பாத்தாரு. நான் வந்த ஒடனே குடுத்துட்டேன். படிக்கிறவன் செய்ற தப்பு சொல்லிக் குடுத்தவனத்தான் சேரும். இந்தப் பழி எங்கிட்டயே இருக்கட்டும். அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். யார் மேலும் கோபப்பட முடியாமல் வீடு திரும்புவது எவ்வளவு கொடுமை என்று அன்று தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு அந்த மனிதரைத் திட்டுவதுதான் அப்போது சோறும் தண்ணீரும். காலையில் ஜெபமாலை சொல்லும்போதே நடுவில் நிறுத்தி அவரைச் சபிப்பாள், பிறகு விட்ட மணியிலிருந்து தொடருவாள். அதைப் பிடுங்கிவிட்டால் அவளிடம் என்ன மிஞ்சும்?

அந்தச் சமயத்தில் பள்ளியில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்த ஒருவர், நம் மரபில் குரு என்பவர் யார் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். ஆலமரம், தாடி, காலடியில் பிள்ளைகள். குருவின் சொல்லைக் கேள்வி கேட்காமல் ஏற்ற காலம் அது என்று உருகினார். தேநீர் இடைவேளையில் எல்லோரும் சமோசா தின்றார்கள். நான் நடைவழியில் போய் நின்றுகொண்டேன். தாடியும் மரமும் யாருக்கு வேண்டும்? சொல்லித் தருகிறவன் தன் மாணவன் இதை எடுத்துக்கொண்டு எங்கே போகிறான் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும், அந்த மரபில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்தப் படத்தில் அது இல்லை.

பிறகு ஒரு நாள் மீன் வாங்க ஜங்கிலிகாட்டுக்குப் போனேன். தம்பி போன பிறகு அதுதான் முதல் தடவை. தம்பியின் டிங்கியில் அந்தத் தெலுங்குப் பையன் முனையில் நின்றுகொண்டிருந்தான். படகு இயந்திரத்தின் சுழலியில் சுற்றிக்கொண்ட கயிற்றை எடுக்க இறங்கப் போகிறான். இடுப்பில் இரண்டு கை. வயிறு உள்ளே போய்ப் போய் வந்தது. புஸ்ஸு புஸ்ஸென்ற அந்தச் சத்தம். என் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

தம்பி அவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவர்கள் அடுத்த டிங்கிக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ‘பையாவாலா தம்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், அண்ணனுடைய மூச்சு என்று பொருள். எங்கள் ஊர்ப் பையன் என்னிடம் கண் கலங்கச் சொன்னான்:

“அக்கா, ஒவ்வொரு தடவ எறங்குறதுக்கு முன்னாலயும் அண்ணன நெனச்சுக்கிட்டுத்தான் இத ஊதுவோம். அவன் எங்ககூடயே வாரான்னு ஒரு தைரியம்.”

நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கத்தினேன். கெஞ்சினேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், ஒருவனும் நம்பவில்லை. “டாக்டர் சாப் கடலுக்குள்ள எறங்கிப் பாத்தாராக்கா? நீரோட்டம்தான் இழுத்துச்சு. அண்ணன் தம்முக்கு ஒன்னும் ஆவாது” என்றார்கள். அவனுடைய மூச்சில் குறை சொன்னால் அவனையே குறை சொன்னதாக அவர்களுக்கு வலித்தது.

நேராக மாஸ்டரிடம் போய், நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும் என்றேன். அவர் தயங்கினார். கேட்காதவர்களுக்குப் போய்ச் சொல்லக் கூடாது என்று தன் மாஸ்டர் சொல்வார் என்றார். இனி யாருக்கும் எதுவும் கற்றுத் தருவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டதாகவும் சொன்னார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. “நல்லா இருக்கு மாஸ்டர். ஒங்க சத்தியத்தையும் ஒங்க பாவத்தையும் பூட்டிப் பத்திரமா வச்சுக்கோங்க. அங்க இன்னொருத்தி பெத்தது முங்கிச் சாவட்டும். நீங்க இங்க ஒக்காந்து சுத்தமாயிருங்க.”

அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவர் சட்டையை எடுத்து மாட்டினார்.

மறுநாள் காலை அவர் ஜங்கிலிகாட் படகுத்துறைக்குப் போயிருக்கிறார். நான் பள்ளியில் இருந்தேன். அவர் வாயைத் திறந்து முழுதாக ஒரு வாக்கியம் சொல்லவில்லையாம். இவன்தானே அண்ணனைக் கொன்றவன் என்று ஒருவன் கத்த, மீன்கூடை தூக்குகிறவர்கள்கூடச் சேர்ந்துகொண்டார்கள். சட்டை கிழிந்தது, உதடு கிழிந்தது. அவர் அதைப் பற்றி யாரிடமும் புகார் கொடுக்கவில்லை. நீரோட்டம் என்று என்னிடம் சொன்னவர்களே, அவரைக் கண்டதும் கல்லறை வாசலில் அம்மா சொன்னதைத்தான் நம்பினார்கள். அதைத் திரும்ப எடுக்க அம்மாவால்தான் முடியும்.

இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் தம்பி படத்துக்குக் கீழே அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கு உள்ளே போய்விடும். அதே சமயம் அந்தத் தெலுங்குப் பையனுக்கு ஒரு அம்மா இருக்கிறாள், மீன் சந்தையில் எனக்கு நெத்திலி நிறுத்துக் கொடுப்பவள் அவள்தான். எந்த அம்மாவைக் காப்பாற்றுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் அம்மா பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டரின் பேச்சில் என்ன இருந்தது என்பதை, அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைகளை, பையன்கள் இப்போது செய்வதை, மாஸ்டரின் கிழிந்த உதட்டை. அம்மா கையை நிறுத்தவில்லை. கடைசி மீன்வரை ஆய்ந்து, அலசி, சட்டியில் போட்டாள்.

“படியிலயா உக்காந்திருந்தான்?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா.”

“மழ பெய்யும்போதுமா?”

“மேல தகரம் நீட்டிக்கிட்டு இருக்கும். நனைய மாட்டான்.”

“உள்ள கூப்புட்டா போவ மாட்டான். அம்மா வையும்னு பயந்திருப்பான்” என்றாள். அன்றிரவு அவள் அழவில்லை. நான் அடுத்த அறையில் விழித்துக்கொண்டு கிடந்தேன், செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை. ஜெபமாலையை அவள் கையில் எடுக்கவே இல்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

விடிந்ததும் குளித்து, கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு, “வாட்டி, ஜங்கிலிகாட்டுக்கு” என்றாள்.

டிங்கிகள் புறப்படுகிற நேரம். ஐஸ் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அம்மா படகுத்துறையின் நடுவில் போய் நின்றாள். பையன்கள் ஓடி வந்து ஆண்ட்டி, ஆண்ட்டி என்று சுற்றிக்கொண்டார்கள். தன் தீவு இந்தியில் ஆரம்பித்தாள், நடுவில் அது தமிழுக்கு மாறியது, மறுபடி இந்திக்குப் போனது. எல்லோருக்கும் புரிந்தது.

“மாஸ்டர் கொல்லலடே. அவரு தண்ணிக்கு முன்னால இத ஊதக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லியிருக்காரு. எம்மவனுக்கு மட்டும் சொல்லல. ஏம் தெரியுமா? அவன் காதுல விழக் கூடாதுன்னு நான்தான் போய்க் கேட்டேன். இந்த வாயாலதான் கேட்டேன். அவன் வெளிய உக்காந்திருந்தான். மேனே பிட்டாயா. நான் உக்கார வச்சேன். நீரோட்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்த ஊதுனதுதான் அவனக் கொன்னுச்சு. அந்த மூச்ச விட்டுருங்கய்யா. அவன் பேரச் சொல்லி அதச் செய்யாதீங்க.”

எங்கள் ஊர்ப் பையன் தேம்பினான். மாஸ்டரின் சட்டையைக் கிழித்தவன் யாரோ அவன் கூட்டத்தின் பின்பக்கம் நகர்ந்தான். சரி, இறங்கிவிட்டது, புரிந்துகொண்டார்கள் என்று எனக்கு மூச்சு வந்தது.

அப்போது அந்தத் தெலுங்குப் பையன், நல்ல பிள்ளை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில் கேட்டான்: “ஆண்ட்டி, தஸ் பார் தோ சலேகா நா?”

பத்துத் தடவை மட்டும் ஊதினால் பரவாயில்லைதானே என்று கேட்டான்.

அம்மா அவனை ஓங்கி அறைந்தாள். தம்பியை ஒருநாளும் அடிக்காத கை அது. பிறகு அவன் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

“ஒரு தடவகூட வேண்டாம்யா” என்றாள். “ஏக் பார் பி நஹி. ஒரு தடவகூட வேண்டாம்.”